காக்காவின் முகமில்லாத ஆட்டக்காரர்கள்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். இது பொய் எழுதக்கூடாத இடம் என்று எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்ளவும் அது உதவும்.

என் மூத்த சகோதரர், என் காக்கா, எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அவருடைய மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்து, "மாமி, வாப்பாட நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும். உங்களுக்குத்தான் சொல்லு வரும்" என்றான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை மருமகன் இவ்வளவு மரியாதையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஓம் என்று உடனே ஒத்துக்கொண்டேன். அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

காக்கா மேல் ஒரு பழி இருக்கிறது. அவர் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த பந்தாட்டப் பொம்மைகளின் முகங்களைத் தன் கையாலேயே பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துக் கெடுத்துவிட்டார் என்று, இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அது உண்மையல்ல. துடைத்தது நான். எப்படி, ஏன் என்று சொல்வதற்கு முன் அவருடைய வாழ்க்கையை முறையாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்ததன் அளவு விளங்காது.

காக்கா கல்முனைக்குடியில் பிறந்தவர். வாப்பாவுக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. காக்காவுக்குப் பதினேழு வயதில் வாப்பா மௌத்தானார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அன்றோடு காக்கா பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்கு இறங்கினார். முதல் போகம் வெள்ளத்தில் போனது, அடுத்த போகம் தண்ணீர் இல்லாமல் போனது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு கட்டட முகாமில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை.

எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. காக்காமார் வெயிலில் காய்ந்து தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கலியாணம் முடிந்ததும் தங்கள் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் இருக்கிற இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் காக்கா அனுப்பியது. அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டு திரிவேன்.

குவைத்தில் சண்டை வந்து எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்த காலத்தில் காக்காவும் வந்து சேர்ந்தார். கையில் ஒரேயொரு பை. உம்மா அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டா.

"அல்லாஹ்வே! ஊர்ப் பொடியனெல்லாம் காப்பும் சங்கிலியும் கொண்டாறான். நீ என்னடா மகனே, காலில்லாத பொம்மையக் கொண்டந்திரிக்காய்?"

"கால் இரிக்கும்மா. வட்டத்துக்கு மேல நிக்கிறானுகள், வடிவாப் பாருங்க" என்றார் காக்கா.

அந்த முகாமில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பொறியியலாளர் இருந்தாராம். வேலை முடிந்த பின்னேரங்களில் காக்காவைக் கூப்பிட்டு மேசைப் பந்தாட்டம் விளையாடுவாராம். ஊருக்குத் திரும்பும்போது, தான் சின்ன வயதில் வைத்து விளையாடிய இரண்டு குழுக்களையும் பெட்டியோடு காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று சிவப்புச் சட்டை, மற்றது நீலமும் வெள்ளையும் கோடு போட்டது. மற்றக் குழுக்களைக் காக்கா அங்கே வெள்ளிக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியிருந்தார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரரும் விரல் நுனியளவு உயரம். அடியில் பாதிக் கோலிக்குண்டு போல உருண்ட ஒரு தட்டம். அதைச் சுட்டுவிரல் நகத்தால் சுண்ட வேண்டும், தள்ளக்கூடாது. சுண்டினால் ஆட்டக்காரர் ஆடி ஆடிப் போய்ப் பந்தைத் தட்டுவார். பந்து மற்றவருடைய ஆளில் பட்டால் முறை அவருக்குப் போய்விடும். கோல் காப்பவர் மட்டும் ஒரு கம்பியில் நிற்பார், அதைப் பின்னாலிருந்து பிடித்து அசைக்கலாம். ஒவ்வொரு முகத்திலும் ஊசிமுனைத் தூரிகையால் இரண்டு கண், ஒரு வாய், தலைமுடி. பழைய குழுக்களுக்கு அதெல்லாம் யாரோ கையால் கீறியது. ஒருவருக்கு மீசை இருந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது போல இருப்பார், அவருக்குக் காக்கா 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தார். எல்லோருக்கும் பொதுவாக அவர் வைத்த பெயர் 'பொடியன்மார்'.

எனக்குக் கலியாணம் பேசி, வீட்டை என் பெயரில் எழுதிய அன்று, காக்கா முன்பக்கத்துச் சின்ன அறையைக் காட்டி, "இத மட்டும் எனக்கு விடு புள்ள. எழுத்தில வேணா. வாயால சொன்னாப் போதும்" என்றார். நான் ஓம் என்றேன். தன் உழைப்பில் கட்டிய வீட்டில் அவர் கேட்டது ஒரு மேசை போடுகிற இடம். மேசைக்கு விரிக்கிற பச்சைத் துணியை மருதமுனைக் கைத்தறியில் சொல்லி நெய்வித்தார். நெசவுகாரர் அது பள்ளிவாசலுக்கு என்று நினைத்து ஓரத்தில் நல்ல கரை போட்டுக் கொடுத்துவிட்டார். காக்கா அந்தக் கரையைத்தான் ஆட்ட எல்லையாக வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து மதினி வீட்டுக்குப் போனார். கல்முனையில் சிறிய ஹாட்வெயார் கடை ஒன்று போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். பாண்டிருப்பிலிருந்து அவருடைய கூட்டாளி குணம் அண்ணன் சைக்கிளில் வந்து சேருவார். குணம் அண்ணன் கடைப் பலகைகள் எழுதுபவர், கோயில் சுவர்களுக்கும் படம் கீறுபவர். பகல் சாப்பாடு என் கையால். அதன்பிறகு பின்னேரம் அஸர்த் தொழுகை வரைக்கும் அறைக்குள் நகம் சுண்டுகிற சத்தம்தான் கேட்கும். நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் போகப் பயந்த நாட்களில் மட்டும்தான் அந்த ஆட்டம் நின்றது. பயம் தெளிந்த முதல் வெள்ளியே குணம் அண்ணனின் சைக்கிள் மணி வாசலில் கேட்டது. காக்கா செருப்பும் போடாமல் ஓடிப்போய்க் கேற்றைத் திறந்தார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது மதினியின் வீடு அடியோடு போனது. அல்லாஹ் உயிர்களைக் காப்பாற்றினான். ஒன்றரை வருடம் காக்காவின் குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு அடுப்படியில் இரண்டு பெண்கள், அதிலும் ஒருவருக்கு வீடு போய் மற்றவருக்கு வீடு இருக்கிறது. எங்களுக்குள் அப்போது வந்த மனக்கசப்பு முழுதாகப் போகவேயில்லை. மதினி ஒருநாள் அந்த அறையைப் பார்த்து, "என்ட கலியாணச் சாரி கூட மிச்சமில்ல. உங்கட பொடியன்மார் மட்டும் சேதாரமில்லாம இரிக்காங்க" என்றா. காக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பல மாதம் அந்த அலுமாரியை அவர் திறக்கவில்லை.

அவருடைய குணங்களை எழுதச் சொன்னால் எனக்கு முதலில் வருவது அவருடைய பொறுமைதான். பழைய ஆட்டக்காரர்கள் கணுக்காலில் முறிந்துபோவார்கள். அவர் சட்டைப் பையில் சிறிய பசைக் குழாய் வைத்திருப்பார். முறிந்தவரை ஒட்டி, காயும்வரை விரலில் பிடித்துக்கொண்டே கடையில் வாடிக்கையாளரோடு கதைப்பார். மகன் கட்டாருக்குப் போன பிறகு புதிய குழுக்கள் வந்தன. அவற்றின் அடி அகலம், பளிங்கில் போவது போல வழுக்கிப் போகும். குணம் அண்ணன் உடனே புதியவற்றுக்கு மாறிவிட்டார். காக்கா சிவப்புச் சட்டையை விடவில்லை. "புதிசு நாம சொல்றத்தக் கேக்கும் புள்ள. பழசோட நாம கொஞ்சம் கெஞ்சணும்" என்பார். இன்னொரு குணம், அவர் பொய் சொல்லமாட்டார். கடையில் வைத்திருக்கிற பூட்டு நல்லதில்லை என்றால் அதை வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார். மதினிக்கு அதில் தீராத கோபம்.

இனி என்னுடைய கதை.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது. மூன்று இடம் பேசி, மூன்றும் கடைசி நேரத்தில் விட்டுப்போனது. நான் தூக்கமில்லாமல் இருந்தேன். பக்கத்துத் தெருவில் பெண்களுக்கு ஒரு மார்க்கப் பயான் நடந்தது. உருவங்கள் இருக்கிற வீட்டுக்குள் றஹ்மத்துடைய மலக்குகள், இறையருளைக் கொண்டுவருகிற வானவர்கள், வரமாட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள். எழும்பி வரும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்து, "உங்கட வீட்ட காக்காட பொம்மை ஒரு அலுமாரி நெறய இரிக்கெண்டாங்களே. கலியாணத்துக்குக் குமர் இரிக்கிற வீடுகா அது" என்றா. அந்தச் சொல் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

மார்க்கம் சொன்னதை நான் இலேசாக எடுக்கவில்லை, இன்றைக்கும் எடுக்கமாட்டேன். ஆனால் காக்காவிடம் கேட்டிருக்கலாம். அவர் அந்த அறையில் தொழுதவரும் இல்லை, அலுமாரியைத் திறந்து வைத்தவரும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் வேறெங்காவது வைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்ததனால்தான் கேட்கவில்லை. கொண்டு போனால் வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார். பொம்மையும் இருக்க வேண்டும், காக்காவும் வர வேண்டும், மலக்குகளும் வர வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் என் மூளையில் உதித்தது இதுதான்: முகம் இல்லாவிட்டால் அது உருவம் இல்லைதானே.

காக்காவின் கடைக்கே போய் ஒரு போத்தல் தின்னர் கேட்டேன்.

"என்னத்துக்குப் புள்ள?"

"கதவுப் பெயின்ட் தரையில பட்டிட்டு காக்கா."

"கையில படாம ஒரு பழைய துணியச் சுத்திக்கொண்டு துடை. எரியும்" என்று சொல்லி, மூடியை இறுக்கிக் கையில் தந்தார்.

புதன்கிழமை லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். பதினொரு குழு, ஒவ்வொன்றிலும் பதினொரு பேர். பஞ்சைக் குச்சியில் சுற்றி, தின்னரில் தோய்த்து, ஒவ்வொரு முகமாகத் துடைத்தேன். புதியவற்றில் பெயின்ட் மட்டும் போனது. பழையவற்றில் பிளாஸ்டிக்கே இளகி மூக்கும் நாடியும் ஒன்றாகப் படிந்துவிட்டது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் பாதி வீட்டுக்குத்தான் றஹ்மத்து வரும் என்ற கணக்கோ என்னவோ. தூங்குமூஞ்சியை எப்போது துடைத்தேன் என்று கூட எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், அறைக்குள் போனார்கள். நான் வாசற்படியில் நின்றேன், ஏதோ பெரிய காரியம் செய்தவள் போல.

"காக்கா, மூஞ்சிய மட்டும்தான் துடைச்சன். உடுப்பு அப்பிடியே இரிக்கி. இனி நீங்களும் விளையாடலாம், மலக்குமாரும் வருவாங்க."

காக்கா சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரை எடுத்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். அப்போதுதான் கதவுப் பெயின்ட் கதை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். குணம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி புள்ள" என்றார் காக்கா. "பந்தடிக்க மூஞ்சி என்னத்துக்கு?"

பிறகு இருவரும் விளையாடினார்கள். அன்றைக்குக் காக்கா ஒரு கோலும் போடவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு அஸருக்கு முன்னமே போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் என் மகளுக்கு ஒலுவிலிலிருந்து நல்ல இடம் வந்து காரியம் முடிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். கலியாண வீட்டில் காக்காவைப் பிடித்துவைத்து, "பாத்தீங்களா காக்கா? நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டேன். "ஓம் புள்ள, அல்லாஹ் ஏத்துக் கபூலாக்கிட்டான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன். அவர் ஏசியிருந்தால், நாலு நாள் கதைக்காமல் இருந்திருந்தால், எனக்குப் புத்தி வந்திருக்கும். அதற்குப் பிறகும் பல வருடம், வெள்ளிக்கு வெள்ளி, அவர் முகமில்லாத அந்தச் சிவப்புச் சட்டைகளோடுதான் விளையாடினார்.

கடைசியில் இருதயத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். கட்டில் பக்கத்து மேசையில் குளிசைப் போத்தல் மூடியை வைத்துச் சுண்டி, தண்ணீர்க் கோப்பையில் பட வைப்பார். தாதிப் பிள்ளைகள் வந்து நின்று சிரிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, மதினி பக்கத்தில் இருக்க, கலிமாவோடு அவருடைய மூச்சு அடங்கியது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு எல்லோரும் மதினி வீட்டில் கூடியிருந்தோம். பெண்கள் பக்கத்தில் நான் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறேன். யாரோ அந்தப் பொம்மைகளைப் பற்றிக் கேட்க, மதினி சொன்னா: "அவர்ர விசருக்கு என்ன சொல்ற? ஒரு நாள் தன்ட கையாலயே தின்னரப் போட்டு எல்லார்ர மூஞ்சியையும் உரிச்சி வெச்சிட்டார். கேட்டா, அழுக்குப் போகட்டும் எண்டு துடைச்சனாம், தெரியாத்தனமாம்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாவம், விபரமில்லாத மனுசன் என்றா ஒரு மச்சி. இவ்வளவு வாயுள்ளவள் நான், அன்றைக்கு ஒரு சொல் பேசவில்லை. தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் ஆள் அனுப்பிக் குணம் அண்ணனைக் கூப்பிட்டேன். அறையைத் திறந்துவிட்டு, "அண்ணன், உங்களுக்குத்தானே கைவரும். இந்த மூஞ்சிகளத் திரும்பக் கீறித் தாங்க" என்று கேட்டேன். அவர் ஒரு சிவப்புச் சட்டைக்காரரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அந்தக் கிழமையே நான் கேட்டனான் தங்கச்சி, கீறித் தாறன் எண்டு. உங்கட காக்கா விடல்ல."

"ஏன்?"

"'கீறினா என்ட தங்கச்சி ஒவ்வொரு வெள்ளியும் அதப் பாக்கணும். தான் செஞ்சது பிழையெண்டு அவளுக்கு விளங்கிரும். அவள்ர வீட்டுக்குள்ள அவள் தலகுனிஞ்சி நிக்கிறத என்னால பாக்கேலா' எண்டான். பொஞ்சாதிக்கிட்ட, தான்தான் துடைச்சதெண்டு சொல்லிப்போட்டனாம். உண்ம தெரிஞ்சா ரெண்டு வீட்டுப் பொம்புளையளும் கதைக்காம விட்டிருவாங்களாம். எனக்கிட்டயும் சத்தியம் வாங்கினவன். அவன் வேணாமெண்டத நான் எப்பிடித் தங்கச்சி கீறுற?"

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பிறகு, நான் அந்த அறையின் தரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். காக்கா மௌத்தான அன்று கூட நான் அப்படி அழவில்லை.

மறுநாள் சாய்ந்தமருதுக்குப் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கோபப்படுவா, ஏசுவா என்று நினைத்துத்தான் போனேன். மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. பிறகு, "நான் அந்த மனுசன எத்தின தரம் விசரன் எண்டு சொல்லிட்டன். ஒரு தரமாவது, நான் இல்லயெண்டு எனக்கிட்டச் சொல்லல்லியே" என்றா. நான் போக எழும்பினபோது என் கையைப் பிடித்துக்கொண்டா. "வருசத்துக்கு மலர் போடக்குள்ள இத எழுதுங்க மதினி. சிரிச்ச ஆக்களெல்லாம் வாசிக்கட்டும்" என்றா. அதனால்தான் இது இவ்வளவு நீளமாகிவிட்டது.

காக்காவை நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும் கபுர் வெட்டியவர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜனாஸாத் தொழுகை முடியும்வரை பள்ளி மதிலுக்கு வெளியே வெயிலில் நின்று, பிறகு மையவாடி வரைக்கும் நடந்து வந்த குணம் அண்ணனுக்கு எந்தச் சொல்லில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அல்லாஹ் எல்லோருக்கும் நற்கூலி தருவானாக. காக்காவின் கபுரை விசாலமாக்கி, அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸ் என்கிற உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் பள்ளியில் எழுந்து நின்று, வழமைப்படி ஊராரிடம் மாப்புக் கேட்டான். நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தோம். "எங்கட வாப்பா யாருக்கும் குறை செஞ்சிருந்தா, யாருக்கிட்டயும் பொய் சொல்லியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்றான். மன்னித்துவிட்டோம் என்று அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. எனக்குத் தெரிந்து காக்கா வாழ்நாளில் சொன்ன பொய் ஒன்றுதான். அதையும் எனக்காகவே சொன்னார். அதற்கு ஊரே அவருக்கு மாப்புக் கொடுத்தது. நான் மாப்புக் கேட்க வேண்டியவரை அதன்பிறகு தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதை வாசிக்கிறவர்கள் காக்காவுக்காகக் கையேந்தும்போது, இந்தத் தங்கச்சியை மன்னிக்கும்படி அவரிடம் சொல்லுமாறு, எனக்காகவும் அல்லாஹ்விடம் ஒரு துஆக் கேளுங்கள்.